பழங்கட்டடமும் புதுப்பயனும்: சென்னை நகர மையக் கட்டடங்களின் மறுபயன்பாடு குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சென்னையின் பழைய நகர மையங்களான ஜார்ஜ் டவுன், அண்ணா சாலை, சென்ட்ரல் சுற்றுப்புறம் ஆகிய பகுதிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்த கட்டடங்கள் பல பயனிழந்தோ, அரைகுறைப் பயனுடனோ நிற்கின்றன. அவற்றுக்குப் புதுப்பயன் அளிக்கும் முயற்சிகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கட்டடத்தின் தோற்றத்தை முதன்மையாகவும், அதன் பயனையும் பயனாளரையும் பிற்சேர்க்கையாகவும் கருதும் போக்கே இம்முயற்சிகளின் அடிப்படைக் குறை என வாதிடுகிறது. பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் தமிழர் வணிகத் தெருக்கள் அடைந்த மாற்றங்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மறுபயன்பாடு, பழங்கட்டடப் பாதுகாப்பு, ஜார்ஜ் டவுன், சுண்ணாம்புச் சாந்து, வாடகைச் சட்டம், கிட்டங்கி

முன்னுரை

அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்று அறியப்படும் மாளிகை 1897-இல் மருந்து வணிகம் செய்த டபிள்யூ. இ. ஸ்மித் நிறுவனத்துக்காக எழுப்பப்பட்டது. பின்னர் அது காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கைக்கு வந்து, ஆயுள் காப்பீட்டுத் தொழில் 1956-இல் நாட்டுடைமையானபோது ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் சொத்தாயிற்று. 2006-இல் கட்டடத்தை இடிக்கும் வேலை தொடங்கியது. இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்தை அணுகித் தடை பெற்றது. 2010-இல் வெளிவந்த தீர்ப்பு கட்டடத்தைக் காக்க வேண்டுமென்று கூறியது. தமிழகத்தில் பழங்கட்டடப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு இது.

அத்தீர்ப்பின் சிறப்பை மறுப்பதற்கில்லை. எனினும், தீர்ப்புக்குப் பின்னரும் அக்கட்டடம் பாதி இடிந்த நிலையில், மழையும் வெயிலும் உள்ளே இறங்க, நெடுங்காலம் நின்றது என்பதும் உண்மையே. இடிக்கலாகாது என்று சொல்ல நீதிமன்றத்தால் இயலும். அதனுள் நாள்தோறும் யார் சென்று அமர்வது என்று சொல்ல இயலாது. பழங்கட்டடப் பாதுகாப்பு குறித்து நம்மிடையே நிகழ்ந்துள்ள விவாதத்தின் பெரும்பகுதி முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. இக்கட்டுரை இரண்டாம் கேள்வியை எடுத்துக்கொள்கிறது.

சொல்லும் பொருளும்

இத்துறையில் வழங்கும் தமிழ்ச் சொற்களே சிந்தனைக் குழப்பத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. சீரமைப்பு, புனரமைப்பு, புதுப்பிப்பு, மீட்டெடுப்பு ஆகிய சொற்கள் அரசு அறிவிப்புகளிலும் நாளிதழ்களிலும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயின்று வருகின்றன. கூரைக் கசிவை அடைப்பதும், இடிந்து விழுந்ததைப் புதிதாகக் கட்டுவதும், இருப்பதை வேறு பணிக்கு ஆக்குவதும் வெவ்வேறு செயல்கள். 'மறுபயன்பாடு' என்ற சொல் மட்டுமே பயனை முன்வைக்கிறது. அதுவும் அண்மைக்காலம் வரை நெகிழிப் பைகளோடும் கழிவு நீரோடும் சேர்த்தே பேசப்பட்டுவந்த சொல்.

நம் மரபில் இதற்கு நெருங்கிய சொல் 'திருப்பணி'. கோயில் திருப்பணியில் கல் மாறும், சுதை மாறும், வண்ணம் மாறும். சில வேளைகளில் மண்டபமே மாறும். மாறாதது வழிபாடு. ஐரோப்பாவில் உருவான பாதுகாப்புக் கோட்பாடு இதற்கு நேர்மாறானது. அங்கே மாறக்கூடாதது கல், பயன் மாறலாம். 1964-ஆம் ஆண்டின் வெனிசு சாசனம், நினைவுச்சின்னங்களைச் சமூகத்துக்குப் பயனுள்ள பணிக்கு ஆட்படுத்துவது அவற்றின் பாதுகாப்புக்குத் துணைசெய்யும் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அப்பயன் கட்டட அமைப்பையோ அலங்காரத்தையோ மாற்றலாகாது என்று வரம்பும் கட்டியது. இவ்விரு மரபுகளுக்கும் நடுவே நிற்கின்றன சென்னையின் பழைய மாளிகைகள். திருப்பணி மரபிலிருந்து, பயன் தொடர்ந்தால் போதும், கல் எக்கேடு கெட்டாலும் போகட்டும் என்ற பகுதியையும், ஐரோப்பிய மரபிலிருந்து, முகப்பு நின்றால் போதும், உள்ளே என்ன நடந்தாலும் சரி என்ற பகுதியையும் எடுத்துக்கொண்டால் என்ன கிடைக்குமோ அதுவே இங்குப் பல இடங்களில் கிடைத்திருக்கிறது.

புதுச்சேரியின் மேரி கட்டடம் இதற்கோர் எல்லைநிலைச் சான்று. 1870-களின் தொடக்கத்திலிருந்து நகராட்சி மன்றமாகக் கடற்கரையில் நின்ற அக்கட்டடம், 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. அதே இடத்தில் அதே தோற்றத்தில் புதிதாக ஒன்று எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. கடற்கரைச் சாலையின் காட்சி நிறைவு பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால், பராமரிப்பின்றி ஒரு கட்டடத்தை விழவிட்டுப் பிறகு அதன் உருவத்தைப் பெருஞ்செலவில் மீண்டும் செய்துகொள்ளலாம் என்பது முன்மாதிரியாகிவிடக் கூடாது. பழங்கட்டடத்தில் குடிபுகுவதற்கும் பழங்கட்டடத்தின் உருவத்தில் குடிபுகுவதற்கும் உள்ள வேறுபாடு சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமன்று.

சேப்பாக்கம்: பயன்மாற்றத்தின் நீண்ட வரலாறு

பயன்மாற்றம் ஏதோ புதிய சிந்தனை என்பதுபோல் பேசுவோர் சேப்பாக்கம் அரண்மனையைக் கருத்தில் கொள்ள வேண்டும். 1768-இல் ஆற்காட்டு நவாபுக்காக எழுந்த அந்த அரண்மனை, 1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்தபின் ஆங்கில அரசின் கைக்கு வந்தது. தர்பார் நடந்த கூடங்களில் வருவாய் வாரியத்தின் கோப்புகள் குவிந்தன; பொதுப்பணித் துறை அமர்ந்தது. இராபர்ட் சிஷோம் இரு பகுதிகளுக்கும் இடையே கோபுரம் ஒன்றை எழுப்பி அரண்மனையின் தோற்றத்தையே மாற்றினார். அரண்மனை அலுவலகமாகி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அதன் வாழ்நாளில் அரண்மனையாக இருந்த காலம் குறைவு. அலுவலகமாக இருந்த காலமே மிகுதி.

அலுவலகமாக இருந்ததே அதைக் காத்தது. அதுவே அதற்கு ஆபத்தாகவும் முடிந்தது. 2012 ஜனவரியில் கலச மகாலில் பற்றிய தீ கூரைகளை விழுங்கியது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். காகிதக் கட்டுகளும், பழைய மரவேலைப்பாடும், அடுக்கடுக்காகச் சேர்ந்த மின்கம்பிகளும் ஒரே இடத்தில் கூடியிருந்த கட்டடம் அது. தீக்குப் பின் சுண்ணாம்புச் சாந்தைக் கொண்டே சுவர்களும் கூரைகளும் மீட்டெடுக்கப்பட்டன. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடைபெறுகிறது.

இது அண்மைக்கால முயற்சிகளுள் மதிக்கத்தக்க ஒன்று என்பதற்குக் காரணங்கள் உண்டு. தர்பாருக்கான உயர்ந்த கூடம் விசாரணைக் கூடத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறது. உள்ளே சுவர் எழுப்பத் தேவையில்லை. வழக்காடுவோர் யாரும் வந்துபோகலாம். நாள்தோறும் கதவு திறக்கப்படுகிறது. ஆகவே ஒழுகும் இடம் அன்றே கண்ணில் படுகிறது. பழங்கட்டடத்தைக் காப்பதில் கடைசியாகச் சொன்னதே தலையாயது. வடிகாலில் அடைத்த இலைகளும், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றும் முதல் மாதத்தில் ஒருவருடைய கண்ணில் பட்டால் பத்து ரூபாய் வேலை. பத்தாண்டு கழித்துப் பட்டால் கோடி ரூபாய்த் திட்டம்.

பொதுமன்றமும் அருங்காட்சியகமும்

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் அருகில் நிற்கும் விக்டோரியா பொது மண்டபம் 1880-களில் சிஷோமின் வரைவில் நம்பெருமாள் செட்டியாரால் கட்டப்பட்டது. நகரத்தார் நன்கொடை திரட்டி நகரத்துக்கென்று எழுப்பிக்கொண்ட கூடம் அது. விவேகானந்தர் 1897-இல் அங்கு உரையாற்றினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை பல்லாண்டுகள் அதன் மேடையில் நாடகம் நடத்தியது. கற்றோர், வழக்கறிஞர், அலுவலர் ஆகியோர் வேடம் கட்டி மேடையேறுவது இழிவன்று என்ற நிலை தமிழகத்தில் உருவானதில் அம்மேடைக்குப் பங்குண்டு. ஆகவே அக்கட்டடத்தின் மரபு அதன் செங்கல் முகப்பிலும் திருவாங்கூர்ப் பாணிக் கூரையிலும் மட்டும் அடங்கவில்லை. கட்டணம் செலுத்தி எந்த நகரவாசியும் அக்கூடத்தைப் பெற்றுக் கூட்டம் போடலாம், நாடகம் ஆடலாம், எதிர்த்துப் பேசலாம் என்பதே அதன் மரபு.

பல பத்தாண்டுப் புறக்கணிப்புக்குப் பின் மாநகராட்சி, சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின்கீழ் 30 கோடி ரூபாய்க்கும் மேலான செலவில் மண்டபத்தை மீட்கும் பணியை மேற்கொண்டது. கட்டடப் பணியின் தரம் இங்கு வினா அன்று. இத்தகைய இடங்களைப் பற்றிய திட்டங்களில் 'அருங்காட்சியகம்', 'காட்சிக்கூடம்', 'அனுபவ மையம்' ஆகிய சொற்கள் முன்னே வந்து நிற்கும் வழக்கமே கவனத்துக்குரியது. பேசுவதற்காகக் கட்டிய கூடத்தில் முன்பு பேசியவர்களின் படங்களை மாட்டுவது மரியாதைதான். ஆனால் இன்று பேச வருபவனுக்கு அங்கு என்ன வாடகை, எத்தனை நாள் முன்னறிவிப்பு, என்னென்ன அனுமதி என்பவை அந்தப் படங்களைவிட முதன்மையானவை. சிறு நாடகக் குழு ஒன்று ஒரு மாலைக்கு அக்கூடத்தைப் பெற முடியுமானால் அது மறுபயன்பாடு. முடியாதெனில் அது நினைவகம்.

அருங்காட்சியகம் என்ற விடை எல்லா இடத்திலும் தவறு என்பதன்று. எழும்பூரில் 1842-ஆம் ஆண்டு மாளிகையொன்றில் நெடுங்காலம் இயங்கிய காவல் ஆணையர் அலுவலகம் வேப்பேரிக்கு மாறியபின், அது 2021-இல் காவல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கட்டடத்தின் வரலாறும் காட்சிப்பொருளின் வரலாறும் ஒன்றே என்பதால் அங்கே அது பொருந்துகிறது. பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆயினும் ஒரு நகரம் எத்தனை அருங்காட்சியகங்களைத் தாங்கும்? காலியான ஒவ்வொரு பழங்கட்டடத்துக்கும் இவ்விடையையே தருவது சிந்திக்கும் உழைப்பைத் தவிர்க்கும் வழி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம், சிஷோமின் கைவண்ணத்தில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று, பல்கலைக்கழகத்தின் நூற்றைம்பதாம் ஆண்டையொட்டிச் செப்பனிடப்பட்டது. அதன் பின்னர் அது திறந்திருந்த நாள்களைவிடப் பூட்டியிருந்த நாள்களே மிகுதி. செப்பனிட்ட கட்டடம் பூட்டியிருப்பதும் செப்பனிடாத கட்டடம் பூட்டியிருப்பதும் சுவருக்குள் இறங்கும் ஈரத்துக்கு ஒன்றுதான்.

ஆர்மீனியன் தெருவில் அன்னி பெசன்ட் அம்மையாரின் முயற்சியால் இளைஞர்களுக்கென எழுந்த கோகலே மண்டபத்தின் கதையும் இவ்வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கது. தன்னாட்சி இயக்கத்தின் குரலும், பின்னர்க் கச்சேரிகளின் குரலும் கேட்ட அக்கூடம், ஒரு பகுதி இடிபட்ட நிலையில் வழக்கில் சிக்கியது. தனியார் அறக்கட்டளைகளின் கையில் உள்ள இத்தகைய மன்றங்களுக்கு விக்டோரியா மண்டபத்துக்குக் கிடைத்ததைப் போன்ற அரசுப் பணம் கிடைப்பதில்லை. இடித்துக் கட்டினால் வரும் வாடகையோ மிகப் பெரிது.

மூர் மார்க்கெட்

1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்தது. அவ்விடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. பழைய கட்டடத்தின் சிற்றுருவம் ஒன்று அங்கு நினைவாக வைக்கப்பட்டுள்ளது. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வணிக வளாகத்துக்கு அனுப்பப்பட்டனர். பழைய புத்தகம் தேடிச் சென்ற தலைமுறைகள் இழந்தது செந்நிற வளைவுகளை மட்டுமன்று. தமிழ் நூற்பதிப்பு வரலாற்றை எழுதுவோருக்கு நூலகங்களில் கிடைக்காத முதற்பதிப்புகளும், நின்றுபோன இதழ்களும், குஜிலிப் பாடல் நூல்களும் கிடைக்கும் இடமாக அச்சந்தை இருந்தது. அதைக் கட்டடமாக மட்டும் காணும் பாதுகாப்புப் பட்டியலில் இந்த இழப்புக்கு இடமில்லை. கட்டடம் எரியாமல் நின்று, அதன் கடைகளில் விலையுயர்ந்த கைவினைப் பொருள்கள் விற்கப்பட்டிருந்தால், பட்டியல் அதை வெற்றியென்று குறித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு மாறான சான்றும் அருகிலேயே இருக்கிறது. அண்ணா சாலையில் 1904-இல் திறந்த கட்டடத்தில் இன்றும் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகம் விற்கிறது. பாரிமுனையருகே பொது அஞ்சலகம் 1884 முதல் அஞ்சலகமாகவே இருக்கிறது. இவற்றுக்கு மறுபயன்பாட்டு வல்லுநர் எவரும் தேவைப்படவில்லை. பழைய பயன் வாழும் வரையில் அதை வாழவிடுவதே சிறந்த மறுபயன்பாடு என்பதை, புதுமையை நாடும் திட்டங்கள் எளிதில் மறந்துவிடுகின்றன.

ஜார்ஜ் டவுன்: வரைபடமில்லாத மறுபயன்பாடு

சென்னையில் மிகப் பெரிய அளவில் நடந்துள்ள மறுபயன்பாடு எந்தத் திட்ட ஆவணத்திலும் இடம்பெறவில்லை. அது ஜார்ஜ் டவுனில் நடந்தது, இன்னும் நடக்கிறது. கொடவுன் தெருவின் துணிக்கடைகளும், ஆண்டர்சன் தெருவின் காகிதக் கடைகளும், பத்ரியன் தெருவின் பூக்கடைகளும் இயங்கும் கட்டடங்களுள் பல, ஒரு காலத்தில் கீழே கடையும் மேலே குடும்பமுமாக இருந்த வீடுகள். திண்ணை கடைமுகப்பாயிற்று. முற்றத்துக்குத் தகரக் கூரை போட்டுச் சரக்கு அடுக்கினார்கள். தாழ்வாரம் கணக்கெழுதும் இடமாயிற்று. சமையலறை இருந்த இடத்தில் கட்டுப்பிரிக்கும் வேலை நடக்கிறது. மாடி வீடு சரக்கறையாகவும், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஆள்கள் படுக்கும் இடமாகவும் மாறியது. கட்டடக் கலைஞர் ஒருவரும் இதற்கு வரைபடம் போடவில்லை.

இம்மாற்றத்தைச் சீரழிவு என்று மட்டும் எழுதுவது வழக்கம். அவ்வழக்கம் தவறானது. மொத்த வணிகம் அக்கட்டடங்களில் இருப்பதாலேயே அவை நின்றுகொண்டிருக்கின்றன. நகரத் திட்டமிடல் பற்றி 1961-இல் வெளிவந்த தம் நூலில் ஜேன் ஜேக்கப்ஸ் முன்வைத்த கருத்து இங்கே பொருந்துகிறது: புதிதாகத் தொழில் தொடங்குவோரால் புதுக்கட்டடத்தின் வாடகையைத் தாங்க முடியாது, கடன் தீர்ந்துபோன பழங்கட்டடங்களே அவர்களுக்கு இடம் தரும். அமெரிக்க நகரங்களைக் கண்டு அவர் சொன்னது, நான்கடி அகலக் கடையில் அழைப்பிதழ் அட்டை விற்கத் தொடங்கும் இளைஞருக்கும் பொருந்தும்.

அதே வேளையில் கட்டடத்தின் உடல் இந்த வணிகத்தால் படும் பாட்டையும் சொல்லியாக வேண்டும். இவ்வீடுகளின் மாடித்தளம் 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் முறையில் அமைந்தது. தேக்கு விட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, விட்டத்துக்குக் குறுக்குமூலையாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். மேலே தட்டோடு பாவுவார்கள். விட்டத்தின் நீளமே அறையின் அகலத்தை வரையறுத்தது. ஆகவே அறைகள் குறுகலானவை, சுவர்கள் தடித்தவை. ஒரு குடும்பத்தின் நடமாட்டத்துக்கென்று செய்த தளம் அது. அதன்மேல் காகித ரீம்களைக் கூரை முட்ட அடுக்கினால் விட்டம் தொய்கிறது. தொய்ந்த விட்டத்துக்கு இரும்பு முட்டுக் கொடுக்கிறார்கள். ஒழுகும் தளத்தின்மேல் சிமெண்டு பூசுகிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளிவிடும் தன்மையுடையது. சிமெண்டு அதன் மூச்சை அடைத்துவிடுகிறது. உள்ளே தங்கிய ஈரம் விட்டத்தின் முனைகளைத் தேடிச் சென்று, அவை சுவருக்குள் பதிந்துள்ள இடத்தில் உளுக்கச் செய்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கெட்டியான சுவர். உள்ளே பொடியாகும் மரம்.

இந்நிலையில் கடைக்காரர் செய்யும் பழுதுபார்ப்பு அறியாமையால் மட்டும் நிகழ்வதன்று. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் சாந்து புளிக்கவும் உலரவும் வேண்டிய காலத்துக்குக் கடையை மூட வணிகர் இசையமாட்டார். அரசின் பெரிய மாளிகைகளுக்காகச் சுண்ணாம்புத் தொழில் மீண்டும் உயிர்பெற்றுள்ளது உண்மையே. அத்தொழிலின் ஆள்களும் பொருளும் ஒரு தெருக்கடையின் ஒழுகும் மாடிக்கு இரண்டு நாள் வேலைக்கு வருவதற்கான ஏற்பாடு இல்லை. கோடிக் கணக்கான ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் முறை இருக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்ப் பழுதுக்கு வழிகாட்டும் முறை இல்லை. சென்னை நகர மையத்தின் பழங்கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது இரண்டாவதே.

கடைத்தெருவும் கிட்டங்கியும்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனும் சென்னையின் ஜார்ஜ் டவுனும் பெயரளவில் மட்டும் ஒத்தவை அல்ல. அங்குள்ள மார்க்கெட் தெருவைத் தமிழர்கள் கடைத்தெரு என்றே அழைத்துவந்தனர். மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தவரை, அந்நகரத்தின் கடைவீடுகளில் எளிய வணிகரும் கைவினைஞரும் குறைந்த வாடகையில் குடியிருந்தனர். வீட்டு உரிமையாளர்கள் பழுதுபார்க்கவில்லை, இடிக்கவும் இயலவில்லை. ஆகவே நகரம் பழுதோடும் உயிரோடும் நின்றது. சட்டத்தை நீக்கும் முடிவு 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது வாடகைகள் ஏறின. குடியிருந்தோர் பலர் வெளியேறினர். காலியான வீடுகள் சிலவற்றில் ஒலிபெருக்கி வைத்து உழவாரக் குருவிகளை வரவழைத்து, அவற்றின் கூடுகளை உணவுக்காக விற்றார்கள். மனிதருக்குப் பதிலாகப் பறவைகளைக் குடிவைத்த அந்த மறுபயன்பாட்டைப் பின்னர் அரசு தடுக்க வேண்டியதாயிற்று.

2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலுக்கு அந்நகரங்களைத் தகுதியாக்கியவற்றுள் ஒன்று, பல இனத்தவர் அருகருகே வாழ்ந்த வாழ்வு. அவ்வாழ்வைக் கொண்டிருந்தோரில் ஒரு பகுதியினர் பட்டியல் வருமுன்பே வாடகையால் வெளியேறியிருந்தனர். பின்னர் வந்தவை சிறு சொகுசு விடுதிகளும் காப்பிக் கடைகளும். முகப்புகள் மிக நேர்த்தியாகச் செப்பனிடப்பட்டன என்பதை மறைக்க வேண்டியதில்லை. கடைத்தெருவில் மசாலா அரைக்கும் மணமும், பூக்கட்டும் கைகளும், துணிக்கடைப் பாட்டும் இன்றும் உண்டு. அங்கே பழைய பயன் இன்னும் பிழைத்திருப்பதற்கு, சுற்றியுள்ள தமிழர் வாழ்வின் தேவையே காரணம், பட்டியல் அன்று.

சிங்கப்பூரின் நிலை வேறு. அங்குத் தேக்கா உள்ளிட்ட லிட்டில் இந்தியா பகுதி 1989-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆனால் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1970-களின் நகர மறுசீரமைப்பில் அவை அகற்றப்பட்டன. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பாயும் பெட்டியும் சாய்வு மேசையுமாகப் பல நிறுவனங்கள் ஒரே கூரையின்கீழ் இயங்கிய இடம் கிட்டங்கி. இன்று 'பகிர்வு அலுவலகம்' என்ற பெயரில் பழங்கட்டடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் புதுப்பயன் ஏறத்தாழ அதுவே. கிட்டங்கியை இடித்த நகரங்கள் அதன் வடிவத்தை வேறு பெயரில் மீண்டும் கண்டுபிடிக்கின்றன.

வாடகையும் உரிமையும்

பினாங்கின் அனுபவம் சென்னைக்கு அண்மையில் பொருளுடையதாகியிருக்கிறது. தமிழகத்தின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்தது. வாடகை இனி உரிமையாளரும் குடியிருப்பவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பழைய சட்டம் உரிமையாளருக்கு அநீதி இழைத்தது. நூறு ரூபாய் வாடகை வாங்கிக்கொண்டு தேக்கு விட்டத்தை எவரும் மாற்ற மாட்டார். ஆனால் தடை நீங்கிய இடத்தில் வேறு ஏற்பாடு எதுவும் வைக்கப்படவில்லை. 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் அடிப்படைத் தளப்பரப்புக் குறியீட்டை 2 ஆக உயர்த்தின. முற்றத்தோடு கூடிய இரண்டடுக்கு வீடு அந்த அளவை எட்டாது. எட்டாத ஒவ்வொரு சதுர அடியும் இடிப்பதற்கான காரணமாகிறது.

மும்பை 1995-இலேயே பழங்கட்டடங்களுக்கான ஒழுங்குமுறையை வகுத்து, கட்ட முடியாத பரப்பின் உரிமையை வேறிடத்துக்கு மாற்றி விற்கும் வழியையும் உரிமையாளருக்குத் திறந்தது. தமிழகத்தில் மரபுடைமை ஆணையச் சட்டம் 2012-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது; அது நடைமுறைக்கு வரவே பத்தாண்டுகளுக்கு மேலாயின. அந்த இடைவெளியில் இடிந்த கட்டடங்களை யாரும் எண்ணிவைக்கவில்லை. ஆணையம் பட்டியல் தயாரிப்பதோடு நில்லாமல், தனியார் கட்டடங்களுக்கு என்ன ஈடு, குடியிருக்கும் வணிகருக்கு என்ன உறுதி என்பவற்றையும் வரையறுத்தாலன்றி, பட்டியலில் ஒரு வீட்டின் பெயர் ஏறுவதே அதை இரவோடிரவாக இடிப்பதற்குத் தூண்டுதலாகிவிடும்.

ஜார்ஜ் டவுனில் மற்றொரு முடிச்சும் உண்டு. பல வீடுகள் பாகப்பிரிவினை ஆகாத சொத்துகள். மூன்று தலைமுறைகளின் பங்காளிகள் ஊரெங்கும், நாடெங்கும் பரவியிருக்க, ஒரே கட்டடத்தின் உரிமை பலர் கையில் சிதறிக்கிடக்கிறது. விற்கவும் முடியாது, பெருஞ்செலவில் செப்பனிடவும் ஒருமித்த கையெழுத்துக் கிடைக்காது. கீழ்த்தளத்தில் வாடகை தரும் கடை நடக்கிறது, மேல்தளம் பூட்டியிருக்கிறது. படிக்கட்டு கடைக்குள்ளிருந்து ஏறுவதால் மாடியைத் தனியே எவருக்கும் விட முடியவில்லை. மறுபயன்பாடு பற்றிய ஆய்வுகள் தொடங்க வேண்டிய இடம் அந்தப் படிக்கட்டு. தெருவிலிருந்து மாடிக்குத் தனிவழி ஒன்று அமைக்க விதிகள் இடம்தந்தால், ஓர் அச்சக வடிவமைப்பாளரோ, தையல் கூடமோ, வழக்கறிஞர் அலுவலகமோ அங்கு ஏறிச் செல்ல முடியும். உயர் நீதிமன்றம் நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது. மேலே ஆள் இருந்தால் தளம் ஒழுகும்போது கீழே கடைக்காரருக்குச் செய்தி வரும். இப்போது அச்செய்தி காகிதக் கட்டுகள் நனைந்த பிறகே வருகிறது.